பறி என்றால் பொன், ‘உருட்டு’ என்றால்?

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றனர். யானைப் பாகர் ஆடையைக் ‘காரை’ என்றனர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்றனர். பிறர்க்கு விளங்காத பேச்சு. அவர்க்குள் மட்டுமே செல்லுபடியாகும் நாணயம்! கேட்ட இலக்கணப் புலவர் சினந்தனரா? சீறினரா? இல்லை. ஒரு குழுவினர் தமக்கென அமைத்துக்கொண்ட குறியாதலின் குழூஉக்குறி என்று பெயரிட்டனர். தகுதி வழக்கு என்னும் வரிசையில், இடக்கரடக்கலுக்கும் மங்கலத்துக்கும் பக்கத்திலேயே அதற்கு இருக்கையும் இட்டனர். இந்தப் பாகுபாட்டைச் சொன்ன நன்னூலின் ஆசிரியர் பவணந்தியாரைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தார் தம் ஊரவர் என்று உரிமை கொண்டாடுகின்றனர். கொங்கு நாட்டார் பெருமைப்படத்தக்க உரிமைதான்!

பவணந்தியார்க்குப் பின் ஏறத்தாழ 800 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதே கொங்கு நாட்டில், நொய்யல் பாயும் திருப்பூரைச் சேர்ந்த மண்ணரையில், ஒரு வகுப்பறையை மனக்கண்முன் நிறுத்துவோம். முதற் பாடவேளையில் தமிழாசிரியர் குழூஉக்குறிக்கு இலக்கணம் கூறுகிறார். ‘பறி’ என்றால் பொன் என்று கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளைகள் பார்த்து எழுதுகின்றனர். தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் உண்டு. மணி அடிக்கிறது. கடைசி வரிசையில் ஒருவன் மற்றவனைப் பார்த்து, “சும்மா உருட்டாதடா” என்கிறான். அவ்வளவுதான்! “என்ன பேச்சு இது? பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?” என்று இடி முழங்குகிறது. பொற்கொல்லன் வாயில் பிறந்தால் தகுதி வழக்கு. மாணவன் வாயில் பிறந்தால் தகாத வழக்கு! இந்த முரண்பாட்டைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

ஆசிரியர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. பிள்ளைகள் பேசுவது தமக்கு விளங்கவில்லையே என்று உண்மையாகவே கவலைகொள்ளும் ஆசிரியர் பலர் உளர். அவர்களிற் சிலர் ‘மொக்கை’, ‘கெத்து’, ‘சம்பவம்’, ‘பூமர்’, ‘கிரிஞ்ச்’ என்று பட்டியல் எழுதி, எதிரே பொருளும் எழுதி வைத்துக்கொள்கின்றனர். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால், பகைவன் பாசறையின் மறைமொழியை ஒற்றன் குறித்துக்கொள்வது போன்ற பட்டியல் அது. எந்தச் சொல் என்ன பொருள் தரும் என்பதை அது கூறும். ஏன் அந்தச் சொல் பிறந்தது என்பதை அது கூறாது.

‘பூமர்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946 முதல் 1964 வரை, அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு பெருகிற்று. அந்தப் பெருக்கத்திற் பிறந்த தலைமுறைக்கு அங்கே வழங்கிய பெயர் இது. பேரப்பிள்ளைகள் காலத்தில் அது கேலிப்பெயராயிற்று. கைப்பேசி வழியே கடல் கடந்தது. தமிழ்நாட்டுத் தெருவில் வந்து இறங்கிற்று. இன்று முப்பது வயது நிரம்பாத ஆசிரியரையும் ‘பூமர்’ என்கிறான் மாணவன். பட்டியல் போடுபவர் ‘பழைய காலத்து மனிதர்’ என்று பொருள் எழுதிவிட்டு அமைதி அடைகிறார். முப்பது வயதுக்காரர் பழைய காலத்தவரா? இல்லை! எம் பேச்சைக் கேட்கும் முன்பே எமக்குத் தீர்ப்பு எழுதுகிறவர் என்பதுதான் அச்சொல்லின் உட்பொருள். அதாவது, அது நம்மைப் பற்றிய விமர்சனம். விமர்சனத்தைப் பட்டியலில் அடைத்துவிட்டால் அதற்கு விடை சொன்னதாகிவிடுமா?

சரி, இச்சொற்களெல்லாம் வேரற்ற களைகள்தாமா? பார்ப்போம். ‘மொக்கை’ என்பது கூரின்மை. முனை மழுங்கிய கத்தியை நம் பாட்டிமார் மொக்கை என்றனர். கூரில்லாத நகைச்சுவையைப் பேரன் மொக்கை என்கிறான். இதைவிடப் பொருத்தமான உருவகத்தை எந்தப் புலவர் செய்து தருவார்? ‘உருட்டு’ என்பது என்ன? உருட்டும் புரட்டும் என்று ஏமாற்றுக்காரன் செயலைப் பெரியவர்கள் சொல்லவில்லையா? புரட்டை உதிர்த்துவிட்டு உருட்டை மட்டும் வைத்துக்கொண்டான் பையன். ‘கலாய்த்தல்’ என்னும் வினையோ, சினந்து பொருதல் என்னும் பொருளில் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது; பகை என்னும் பொருளுடைய ‘கலாம்’ அதன் உறவு. இத்தனையும் தமிழாசிரியர் அறிந்தவை. அறிந்து வைத்தும் வகுப்பில் அவிழ்க்காத மூட்டைகள். “எங்கே கற்றாய் இந்தப் பேச்சை?” என்று அதட்டும் வாய், “இச்சொல்லுக்குத் தாத்தா ஒருவர் இருக்கிறார், தெரியுமா?” என்று கேட்டால் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காராதா?

அகராதி செய்தோர் இவ்வகையில் நம் பள்ளிகளைக் காட்டிலும் பரந்த நெஞ்சினர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்போடும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பேச்சு வழக்குச் சொல்லையும் வட்டாரச் சொல்லையும் வாயிலிலேயே தடுத்துவிடவில்லை. இன்ன வழக்கு என்று குறியிட்டு உள்ளே விட்டது. 1982இல் கி. ராஜநாராயணன், கரிசல் காட்டு மக்களின் சொற்களைத் திரட்டி அகராதி ஆக்கினார். பட்டம் பெறாத அந்த உழவரைப் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகமே அழைத்துப் பேராசிரியர் இருக்கை தந்தது. 2000இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். 1992இல் வந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கம் பெற்ற க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய தமிழர் எழுதுவதையும் பேசுவதையும் சான்றாகக் கொண்டது.

போற்றுகிறோம். ஆனால், போற்றும்போதே ஒரு குறையையும் சுட்டுகிறோம். வட்டார அகராதிகள் ஊரை எல்லையாகக் கொண்டன. வயதை எல்லையாகக் கொள்ளவில்லை. உழவன் சொல், மேய்ப்பவன் சொல், பாட்டியின் சொல் — இவை மறைந்துவிடுமே என்னும் ஏக்கத்தோடு திரட்டப்பட்டன. மறையப்போகும் சொல்லுக்கு மாலை. பிறந்திருக்கும் சொல்லுக்குப் பிரம்பு! இந்த மனப்பான்மை அகராதியில் குறையாகத் தங்கியது; பள்ளிக்கூடத்திலோ தண்டனையாக முற்றியது.

2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைத் திறந்து பாருங்கள். கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ கதைப்பகுதி அதில் துணைப்பாடம். கரிசல் மண்ணின் பேச்சு அப்படியே அச்சேறியிருக்கிறது. ‘மகுளி’ என்றால் சோற்றுக் கஞ்சி, ‘வரத்துக்காரன்’ என்றால் புதியவன் என்று சொற்பொருளும் தரப்பட்டிருக்கிறது. நல்ல செயல், வரவேற்கிறோம். திருப்பூர்ப் பிள்ளை கோவில்பட்டிப் பக்கத்துச் சொல்லைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால், அதே பிள்ளை தன் சொல்லைச் சொன்னால்? ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்னும் பயிற்சி வந்து நிற்கிறது. மாற்றத் தெரிய வேண்டியதுதான். எழுத்துத் தமிழ் கைவராத பிள்ளைக்கு அலுவலகமும் நீதிமன்றமும் ஏடும் மூடிய கதவுகளாகிவிடும். அதில் நமக்கு ஐயம் சிறிதும் இல்லை. நாம் கேட்பது இதுதான்: பாதை ஒருவழிப் பாதையாகவே இருப்பானேன்? எழுத்து வழக்கிலுள்ள ஒரு பத்தியை உன் தோழனிடம் எப்படிச் சொல்வாய் என்று கேட்கும் பயிற்சி ஏன் அதனருகே நிற்கக் கூடாது? ஒருவழியாகவே கற்றால் பிள்ளை பெறும் பாடம் என்ன? தன் வாயில் இருப்பது பழுது. ஆசிரியர் கையில் இருப்பது திருத்தம். பனியன் ஆலையின் செக்கிங் மேசையில் பழுதான ஆடை மீது அம்புக்குறி ஒட்டி ஒதுக்குகிறார்களே, அதுபோல அவன் பேச்சின்மீது சிவப்பு மை விழுகிறது. ஒதுக்கிய ஆடைக்காவது காதர்பேட்டையில் விலை உண்டு. ஒதுக்கிய பேச்சுக்கு?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1960களில் நியூயார்க்கு நகரின் ஹார்லெம் பகுதியில், கறுப்பினச் சிறுவர்கள் சொல்வறுமையில் உழல்கின்றனர், அவர்க்கு மொழியே சரியாக வாய்க்கவில்லை என்று கல்வியாளர் சிலர் முடிவு கட்டினர். வில்லியம் லபோவ் என்னும் மொழியறிஞரின் குழு அந்த முடிவைச் சோதித்தது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் விடை. கேட்டவரோ அதே ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர்தாம். அப்படியும் பையன் வாய் திறக்கவில்லை. மறுமுறை அவர் உருளைக்கிழங்கு வறுவலோடு வந்தார், சிறுவனின் உயிர்த்தோழனை உடன் அழைத்து வந்தார், தரையில் அமர்ந்தார். ஊமை போலிருந்தவன் பேசினான், மறுத்தான், தோழனை முந்திக்கொண்டு வாதாடினான்! வறுமை பிள்ளையின் சொல்லில் இல்லை, கேட்டவர் அமர்ந்திருந்த உயரத்தில் இருந்தது. 1969இல் லபோவ் எழுதிய கட்டுரை இதனை உலகுக்கு உணர்த்திற்று.

பத்தாண்டுகள் கழித்து, 1979இல், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் தொடுத்த வழக்கில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியைக் கருத்திற் கொள்ளாமல் படிப்புச் சொல்லித்தருவது அவர்கள் கல்விக்குத் தடை என்றார். அந்தப் பேச்சை ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத் திட்டம் வகுக்குமாறு பள்ளி நிருவாகத்துக்குக் கட்டளையிட்டார். கற்க வேண்டியவர் மாணவர் மட்டுமல்லர் என்று நீதிமன்றமே சொல்லிற்று! ஆயினும் 2013இல் தென் லண்டன் பள்ளி ஒன்று, மாணவர் பேசக் கூடாத சொற்கள் இவை என்று பலகை எழுதித் தொங்கவிட்டது. அறிவு ஒரு கரையில் எரிந்த விளக்கு. அச்சம் மறு கரையில் இன்னும் இருட்டு.

நாம் மண்ணரைக்குத் திரும்புவோம். ஊத்துக்குளிச் சாலைப் பக்கத்து இந்த ஊர் ஒரு காலத்தில் தனி ஊராட்சி. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பனியன் தொழிலை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர், டெல்டாவிலிருந்து வந்தோர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் எனப் பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே இருக்கையில் அமரும் நகரம் திருப்பூர். வீட்டில் ஒரு பேச்சு, பாடநூலில் ஒரு பேச்சு. இரண்டுக்கும் இடையே பிள்ளைகள் தாமே கட்டிக்கொண்ட பாலம் அந்தக் குழூஉக்குறி. அதில் தொழிற்கூடத்துச் சொல் புகாமல் இருக்குமா?

மீண்டும் அதே வகுப்பறை. திங்கட்கிழமை காலை. எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மேசைமேல் தலை சாய்த்து உறங்குகிறான். “ஏன் தூங்குகிறான்?” என்கிறார் ஆசிரியர். “அவன் நேத்து ஒன்றரைங்க டீச்சர்” என்கிறான் பக்கத்துப் பையன். வகுப்பு சிரிக்கிறது. தம்மைக் கேலி செய்கின்றனர் என்று நினைத்து ஆசிரியர் இருவரையும் வெளியே நிறுத்துகிறார். திருப்பூர் அறிந்தோர்க்கு அச்சொல்லின் பொருள் விளங்கும். காலை 8.30 மணிக்குத் தொடங்கி மாலை 5.30 மணிக்கு முடிவது ஒரு ஷிப்ட். சரக்கு அவசரமென்று இரவும் நின்று உழைத்தால் அது ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும், இரவு வரையும், பதின்மூன்று வயதுப் பிள்ளை எங்கேயோ பிசிறு வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறான் என்பதே ‘ஒன்றரை’ என்னும் நான்கெழுத்தின் பொருள்! 14 வயது நிரம்பாத பிள்ளையை அப்படி ஆலை வேலைக்கு வைப்பது குற்றம் என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. சட்டம் ஏட்டில் இருந்தது. சான்று வகுப்பில் ஒலித்தது. இரண்டையும் இணைக்க வேண்டிய செவி மூடியிருந்தது. இது நாம் புனைந்த காட்சி. ஆனால், ஒரு சொல் விளங்காமற் போனால் ஒரு பிள்ளையின் வாழ்வே விளங்காமற் போகலாம் என்பது புனைவன்று.

இனி, மாணவர் பேச்சு முழுவதும் மாணிக்கம் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணிவிட வேண்டா. பெண்ணைப் பண்டமாகக் குறிக்கும் சொற்கள் அதில் உண்டு. நிறத்தையும் உடலையும் பழிக்கும் சொற்கள் உண்டு. ‘புள்ளிங்கோ’ என்று வடசென்னை ஏழை இளைஞரின் தலைமுடியையும் உடையையும் எள்ளி நகையாடிய சொல் நாடெங்கும் உலவிற்று. ‘வடக்கன்’ என்னும் சொல் இருக்கிறதே, அதைத் திருப்பூரில் எவ்வளவு இலேசாக வீசுகின்றனர்! 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின, தொழிலாளர் அஞ்சினர், பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்துச் சென்றது. அந்தத் தொழிலாளியின் மகள் இதே வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருந்தால், அவள் காதில் அந்தச் சொல் எப்படி விழும்? அதைத் தடுக்க வேண்டாமா? தடுக்கத்தான் வேண்டும். ஆனால், ‘மொக்கை’யையும் ‘வடக்கன்’னையும் ஒரே பிரம்பால் அடிப்பவர் எதையும் தடுத்தவராகமாட்டார். விளையாட்டுச் சொல் எது, வேற்றுமை விதைக்கும் சொல் எது என்று பிரித்தறிய, முதலில் இரண்டையும் அறிந்திருக்க வேண்டாமா? அறியாதவர் கண்டனம் குருட்டுக் கண்டனம்!

உறவுச் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். மச்சான், மாப்பிள்ளை என்பவை கொள்வினை கொடுப்பினை உள்ள இடத்துக்கு உரியவை. பங்காளி என்பது ஒரே குடிவழிக்கு உரியது. பெரியவர்கள் இவற்றைச் சாதி வேலிக்குள் பூட்டி வைத்தனர். பிள்ளைகளோ வேலி தெரியாமல், தெரிந்தாலும் பொருட்படுத்தாமல், பக்கத்தில் அமர்ந்தவனை எல்லாம் “மச்சி” என்கின்றனர், “மாப்ள” என்கின்றனர், “பங்காளி” என்கின்றனர். எந்தச் சீர்திருத்தக் கூட்டமும் போடாமலே வாய்ச்சொல்லில் நிகழ்ந்த கலப்பு இது! வாய்ச்சொல் வாழ்வாகிவிட்டது என்று மயங்கவும் நாம் அணியமாக இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவனை அவனோடு ஒரே பள்ளியிற் பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. கையில் கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரியும். சொல்லில் கட்டிய கயிறு? அது காதுக்குத்தான் தெரியும். அதுவும், மாணவர் பேச்சை அறிந்த காதுக்கு மட்டும்!

எனவே, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? தாமும் மாணவர்போலப் பேசிக்காட்டி இளையராக வேடம் புனைய வேண்டுமா? வேண்டா, பிள்ளைகள் சிரிப்பார்கள், அதுவும் நியாயமாகவே சிரிப்பார்கள். அந்தக் குறி அவர்கள் குழுவுக்கு உரியது. ஆசிரியர் விருந்தினராகக் கேட்கலாம், உரிமையாளராகப் புழங்கலாகாது. தமிழ்ப் பாடவேளையில் மாதம் ஒரு முறை, “இம்மாதம் உங்களிடையே புதிதாக வந்த சொல் எது?” என்று கேட்கட்டும். அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொன்னால் அவர் மனம் புண்படும் என்னும் நான்கையும் பிள்ளைகளே ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். முதல் இரண்டும் இலக்கணம், பின்னிரண்டும் பண்பாடு. நான்காம் கேள்விக்கு விடை எழுதும் கை, மறுநாள் அந்தச் சொல்லை வீசத் தயங்கும். பிரம்பு செய்யாத வேலையைப் பேனா செய்யும்.

பழங்காலப் புலவர் பொற்கொல்லன் கடைக்கும், யானைக் கொட்டிலுக்கும், வேடர் சேரிக்கும் செவி கொடுத்தனர். அதனாலன்றோ ‘பறி’யும் ‘காரை’யும் ‘சொல்விளம்பி’யும் நமக்குக் கிடைத்தன! கேட்டதனால் அவர்கள் புலமை குறைந்ததா? தமிழ் தாழ்ந்ததா? அவர்கள் வழிவந்தோம் என்று பெருமை பேசும் நாம், நாள்தோறும் நம் முன்னே அமர்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்குச் செவி கொடுக்க மறுப்பது எந்த இலக்கணத்தில் அடங்கும்? நாளைக் காலை மண்ணரையில் பள்ளி மணி அடிக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒரு சொல் எழும். “வெளியே போ” என்று சொல்லுமுன், “அதற்கு என்ன பொருள், தம்பி?” என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.